ஒரே கரையில் ஒன்பது வருஷம்

மைக் வாத்தியாருக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தது கல்லூரிப் பையன்களா, தெருக்காரர்களா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. காலை ஐந்தே முக்காலுக்கு ஆற்றங்கரையில் ஒரு கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு, மறு கையில் கை மைக்கைப் பிடித்து அவர் போடும் சத்தத்தில் அக்கரைக் கொக்குகள் எழுந்து போய்விடும். அதே மனிதர் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மைக் இல்லாமல் "உப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால், மூன்றாம் வீட்டில் உப்பு ஜாடியை நகர்த்தி வைப்பார்கள்.

சம்பளத்துக்கு அவர் செய்வது பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவது. உயிரைக் கொடுத்துச் செய்வது, கல்லூரியின் எட்டுப் பேர் படகுக்குப் பயிற்சி. ஒன்பது வருஷமாக. இந்த ஒன்பது வருஷத்தில் பெரிய போட்டியில் நம் படகு மூன்றாவது இடத்துக்கு மேலே வந்ததே இல்லை. ஓடுவது மொத்தமே நான்கு படகுகள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மூன்றாவது இடத்தின் மகிமை புரியும்.

படகு பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரே துடுப்பு, ஆனால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. இரண்டு, நாலு, ஆறு, எட்டாம் நம்பர்களின் துடுப்பு ஒரு பக்கம். ஒற்றைப்படை நம்பர்களின் துடுப்பு மறுபக்கம். படகின் வால்நுனியில் ஒரு சின்ன உருவம் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, திருப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்லும். அதுதான் காக்ஸ். எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்க வேண்டும், ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். சொல்வது சுலபம். கல்யாண வீட்டில் எட்டுப் பேர் ஒரே மாதிரி சிரித்துப் புகைப்படம் எடுத்ததுண்டா? அப்படித்தான் இதுவும்.

படகுத்துறையிலிருந்து மதகு வரை நாலு கிலோமீட்டர். சைக்கிள் போகிற மாதிரி பாதை ஒரு கரையில்தான். வாத்தியார் அதில் படகோடு கூடவே போவார். மதகில் படகு திரும்பும்; வாத்தியார் திரும்பமாட்டார். பள்ளிக்கூடம் மதகுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முதல் பீரியட் எட்டு மணிக்கு. மைக்கைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நேரே பூகோளத்துக்குப் போய்விடுவார். படகைக் காக்ஸ் துறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள். பதினோரு நிமிஷம் மிச்சம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமைகூட.

ஆக, ஒன்பது வருஷமாக அவர் அந்தப் படகை ஒரே திசையில், ஒரே பக்கத்திலிருந்து பார்த்தார். அது இரட்டைப்படைக்காரர்களின் பக்கம். அவர்கள் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்பதுவரை அவருக்கு மனப்பாடம். ஒற்றைப்படைக்காரர்கள்? தலை தெரியும், தோள் தெரியும். துடுப்புகள் படகுக்கு அந்தப் பக்கம் என்ன செய்கின்றன என்பது கொக்குகளுக்குத்தான் வெளிச்சம். ஒரு பையன் பாலத்து மேலிருந்து செல்போனில் படம் பிடித்துத் தருகிறேன் என்று கேட்டான். "நாம என்ன சினிமாவா எடுக்கறோம்?" என்று விரட்டிவிட்டார்.

படகு ஒவ்வொரு இழுப்புக்கும் கரைப்பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் துடுப்பு தண்ணீரில் தேயும். வாத்தியார் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் தேய்ப்புதான். "நாலு, கையைப் பாரு! ஆறு, தூங்கறியா!" என்று மைக் அலறும். அப்படியும் சரியாகாவிட்டால் ஆளை மாற்றுவார். ஒன்பது வருஷத்தில் பதினான்கு பேரை இறக்கினார். பதினான்கு பேரும் இரட்டைப்படை. ஒற்றைப்படைக்காரர்களை மட்டும், "சத்தமில்லாம வேலை செய்யற தங்கங்கள்" என்று மெச்சுவார். தங்கங்கள் தலையைக் குனிந்துகொள்ளும். அடக்கம் என்று நினைத்தார்.

இறக்கிவிட்ட பதினான்கில் ஒருவன் அவருடைய சொந்த மகன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரிய போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது. மகன் ஆறாம் நம்பர், கல்லூரியில் கடைசி வருஷம். படகு ஒரு சாய்ப்புச் சாய்ந்ததில் அவன் துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு, பிடி திரும்பி வந்து விலாவில் ஒரு குத்து விட்டது. படகு அப்படியே நின்றது. வாத்தியார் கரையிலிருந்து மைக்கை வாயில் வைத்தார். "ஆறு! துறைக்கு வந்ததும் இறங்கிக்கோ. கையே இல்லாதவனுக்குப் படகு எதுக்கு?"

காலை நடை போகிறவர்கள், நாய் கூட்டிவந்தவர்கள், பாலத்து மேல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. தன் பிள்ளை ஊர்ப் பிள்ளை பேதம் பார்க்காத மனிதர் என்று அன்றைக்கு ஊரே அவரைப் பாராட்டியது, நம் தெருவும் சேர்த்துத்தான். பையன் ஈரக் காலுறையோடு வீட்டுக்கு நடந்து வந்தான். அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கமும் போகவில்லை, கல்லூரிப் பக்கமும் போகவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான். அப்பாவிடம் பேசுவதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டான்.

ஒரே வீடு, ஒரே மேஜை, மூன்று நாற்காலி. நடுவில் அம்மா.

"உன் பிள்ளைகிட்ட சொல்லு, மாடியில குழாய் சொட்டுது."

"அவர்கிட்ட சொல்லும்மா, நேத்தே மாத்தியாச்சு."

கை நீட்டினால் தொடுகிற தூரம். வார்த்தை மட்டும் அம்மா வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்த அம்மாள் பகல் முழுக்க மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று, டாக்டர் கையெழுத்தைப் படித்துப் படித்துக் கண் பூத்து வீட்டுக்கு வருகிறவர். "போஸ்ட்மேனுக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது மகனுக்குக் கடல் தாண்டி வேலை. உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பராமரிப்பு, ஐந்து வருஷ ஒப்பந்தம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம். வாத்தியார் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வாரமாக, மகனின் அறைக்குப் போகிற மாடிப்படிக்குக் கீழே அவருடைய செருப்பு அடிக்கடி கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. போகிறதுக்கு முன்னால் அவன் ஒரே ஒரு தடவை, யார் வழியாகவும் இல்லாமல், நேராக "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஆசை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனுஷன் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்க்கிற பார்வையைப் பார்த்தாலே தெரியாதா!

அந்த வாரத்துத் திங்கட்கிழமை கரைப் பாதையில் குழாய் பதிக்கக் குழி வெட்டியிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி, ஒரு நாளும் விட முடியாது. வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனார். அங்கே பாதை என்று ஒன்றும் கிடையாது. முள்ளும் மண்மேடும்தான். சைக்கிள் ஓட்டினது பாதி, தள்ளினது பாதி.

படகு புறப்பட்டது. வாத்தியார் வழக்கம்போல மைக்கைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

ஒற்றைப்படைத் துடுப்புகள் நான்கையும் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். நாலு பேரும் கையை வயிற்று மட்டத்தில் கொண்டுவராமல் நெஞ்சுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதனால் படகு இரட்டைப்படைப் பக்கம் சாய்ந்தது, பழி அவர்கள் தலையில் விழுந்தது. அதோடு, தண்ணீரைப் பிடிப்பதில் அரை இமைப்பொழுது தாமதம். ஒருவன் என்றால் தனி மனிதத் தவறு எனலாம். நாலு பேரும் ஒரே மாதிரி, ஒரே அளவு. ஒற்றைப்படைக்குப் புதிதாக வருகிறவன் தனக்கு முன்னால் இருக்கும் ஒற்றைப்படையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான். அவன் அதற்கு முந்தினவனைப் பார்த்துக் கற்றிருப்பான். யாரும் திருத்தாத தப்பு வாழையடி வாழையாக வளர்ந்து நின்றது. சாய்க்கிறவன் ஒரு பக்கம், அடி வாங்குகிறவன் ஒரு பக்கம்.

ஒரு கிலோமீட்டர் வரை மைக்கிலிருந்து சத்தமே வரவில்லை. பையன்கள் பயந்துபோய்த் துடுப்பை நிறுத்திவிட்டார்கள். காக்ஸ் பெண்ணுக்குச் சுண்டெலி என்று பெயர். நாற்பது கிலோகூட இருக்கமாட்டாள். அவள் தண்ணீரிலிருந்து கத்தினாள்: "சார், மைக்ல பேட்டரி போச்சா?"

மதகில் படகு திரும்புவதற்குள் அவளைக் கரையோரம் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கம்... எப்பயிலிருந்து இப்படி?"

"நான் வந்ததிலிருந்து இப்படித்தான் சார்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் சார். போன வருஷம். காக்ஸுக்கு வாய் எண்ணறதுக்கு மட்டும்தான், கோச் யாரு நீயா நானான்னு கேட்டீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு முந்தி இருந்த அக்காகூடச் சொன்னாங்களாம் சார். அவங்களையும் அதையேதான் கேட்டீங்களாம்" என்றாள்.

அன்றைக்கு முதல் பீரியடில் வாத்தியார் கரும்பலகையில் ஒரு ஆற்றை வரைந்து, இரண்டு கரைக்கும் பெயர் எழுதாமலேயே மணி அடிக்கும் வரை நின்றாராம்.

சாயங்காலம் மனைவி பையை வைக்கும் முன்னாலேயே ஆரம்பித்தார். "உன் பிள்ளைகிட்ட சொல்லு. அன்னைக்கு படகு சாஞ்சது அவனால இல்லையாம். எதிர்ப்பக்கத்து ஆளுங்களாலயாம்."

அம்மாள் பையைக் கீழே வைத்தார். "என்னது, 'இல்லையாம்'? யாரோ சொன்ன மாதிரி சொல்றீங்க?"

"நான்தான் பார்த்தேன். இன்னைக்கு."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க."

"நீ சொன்னா அவன் கேட்பான்."

"என்னங்க, மூணு வருஷமா குழாய், உப்பு, கரண்ட் பில் எல்லாம் நான் தூக்கிக்கிட்டுப் போய்க் கொடுத்தேன். இதை என்னால தூக்க முடியாது. மாடி பத்தொம்பது படி. ஏறுங்க."

திங்கட்கிழமை நாலு படி ஏறி இறங்கினார். செவ்வாய்க்கிழமை பதினோரு படி. மேலே குளியலறைக் கதவு சத்தம் கேட்டதும், ஏதோ மறந்த மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இறங்கிவிட்டார். எட்டுப் பேரை வெயிலில் மழையில் ஆட்டிவைக்கிற மனிதர், சொந்த வீட்டு மாடிக்கு மூன்று தவணையில் போனார். புதன்கிழமைதான் கதவு வரை போய்ச் சேர்ந்தார்.

மகன் தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களை அளவு வாரியாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அம்மா பின்னால் வருகிறாளா என்று பார்த்திருப்பான்.

வாத்தியாருக்கு வேறு பாஷை தெரியாது, படகு பாஷையிலேயே ஆரம்பித்தார். கை உயரம், அரை இமைப்பொழுது தாமதம், எடை எப்படி இந்தப் பக்கம் வந்து விழுகிறது, ஆறாம் நம்பரில் யார் உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்குத் துடுப்பு மாட்டியிருக்கும், கடவுளே வந்து உட்கார்ந்தாலும் மாட்டியிருக்கும். கையால் காற்றில் வலித்தெல்லாம் காட்டினார். மகன் கடைசி ஸ்பேனரையும் சுற்றி முடித்தான்.

பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் நம்பிட்டேன்ப்பா."

மூன்று வருஷம் கழித்து வந்த அந்த "ப்பா"வைக் கேட்டதும் வாத்தியாருக்கு மீதி வாக்கியம் காதில் விழக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நீங்க சொன்னீங்கன்னு நம்பிட்டேன். கை இல்லைன்னு. லிஃப்ட்ல ரெண்டு ஆள் சேர்ந்து செய்யற வேலைன்னா நான் போகமாட்டேன். மேல ஒருத்தன் கயிறு பிடிக்கணும், கீழ ஒருத்தன் நட்டு முறுக்கணும். என் கையால அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. தனியா செய்யற வேலையா கேட்டு வாங்குவேன். இப்ப போறேனே, அதுவும் தனியா செய்யற வேலைதான்."

"அதான் சொல்றேனே, உன் தப்பு இல்லை."

"என்கிட்ட சொல்றீங்க. படகுல சொல்லிட்டீங்களா?"

வாத்தியார் கதவு நிலையைத் தடவினார். "ஞாயித்துக்கிழமை போட்டி. இப்பப் போய் சொன்னா பசங்க மனசு கலைஞ்சிரும். அது முடியட்டும்னு..."

"என்னை இறக்கினப்ப போட்டிக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. யார் மனசும் கலையலையே." மகன் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாலத்து மேல நின்னவங்க வரைக்கும் கேட்டுச்சு. போடறப்ப மைக்ல போட்டீங்க. எடுக்கறப்ப மாடி ரூம்ல வந்து எடுக்கறீங்க."

"என்ன சொல்லணும்கறே?"

"'நான் பார்க்கல'ன்னு சொல்லுங்க. ரெண்டே வார்த்தை."

வாத்தியார் நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமை காலையில சொல்றேன். துறையில, எல்லாரும் வரிசையா நிக்கறப்ப. நீ வந்து கேளு."

"பார்க்கலாம்."

அந்தப் "பார்க்கலாம்" போதும். மனிதர் பத்தொன்பது படியையும் இருபது வயசுக்காரன் மாதிரி இறங்கினார். வியாழக்கிழமை முழுக்க அந்த இரண்டு வார்த்தையை ஒத்திகை பார்த்தார். பல் தேய்க்கும்போது, சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது. "நான் பார்க்கல. நான் பார்க்கல." மனைவி எட்டிப் பார்த்து, "என்னத்தைப் பார்க்கலை? கண்ணாடியா? மூக்கு மேலதான் இருக்கு" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தெருவில் இரண்டு ஜன்னல் திறந்து மூடியது.

வெள்ளிக்கிழமை. எட்டுப் பேரும் சுண்டெலியும் துறையில் வரிசையாக நின்றார்கள். போட்டி நெருங்கிவிட்டதால் கரையில் கூட்டமும் இருந்தது. கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர் வந்திருந்தார், மற்ற கல்லூரிப் பையன்கள் சிலர் வேவு பார்க்க வந்திருந்தார்கள். மகன் வந்தான். படகுக் கொட்டகை வாசலில், கையில் ஒரு டீயோடு, ஓரமாக நின்றான். வாத்தியார் அவனைப் பார்த்துவிட்டார். மைக்கை எடுத்தார்.

"ஒன்பது வருஷமா இந்தப் படகுல ஒரு தப்பு நடந்துக்கிட்டு இருக்கு."

வாசலில் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

"அதை நான்..."

எட்டு முகம், விளையாட்டுத் துறைத் தலைவர், வேவுக்காரர்கள், பாலத்து மேல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்து, அங்கே நின்று, கூட்டத்தைப் பார்த்தது.

"அதை நான் கண்டுபிடிச்சுட்டேன்!" என்றார்.

சொன்னதும் குரலுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. மைக்கும் ஒரு கீச்சலோடு உயிர் பெற்றது. பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. "ஒற்றைப்படைக்காரங்க நாலு பேரும் இத்தனை நாளா எனக்குத் தெரியாம ஏமாத்திட்டு வந்திருக்கீங்க! உங்களால எத்தனை நல்ல பசங்க வெளியே போனாங்க தெரியுமா? என் சொந்தப் பிள்ளை போனான்! கையை நெஞ்சுக்குத் தூக்கிட்டு, தண்ணிக்கு லேட்டா வந்துக்கிட்டு... மூணு! உன்னைத்தான். நீதான் எல்லாரையும்விட மோசம். துடுப்பை வை. ஞாயித்துக்கிழமை உனக்குப் படகு இல்லை."

மூன்றாம் நம்பருக்கு ஏணி என்று பெயர். ஆறே முக்கால் அடி, முதுகு கொஞ்சம் கூன். கடைசி வருஷம். அவன் துடுப்பை வைக்கவில்லை, பிடித்தபடியே நின்றான். "சார், எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல சார். எனக்கு முந்தி இருந்தவர் இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை அம்மா பார்க்க வர்றாங்க சார்" என்றான்.

"வரட்டும். கரையில நின்னு சேர்ந்து பாருங்க."

யாரோ ஒருவன் சிரித்தான். வாத்தியார் மைக்கை இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கொட்டகை வாசலைப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம், ஊரறியச் சொல்லிவிட்டோம், பிள்ளைக்கு நியாயம் செய்துவிட்டோம் என்கிற வெளிச்சம்.

மகன் டீயை மணலில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

காலி கிளாஸை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, அப்பாவைத் தாண்டி நடந்து, படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்ட ஏணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இருவருக்கும் அதுவரை பழக்கமில்லை. "கையைக் காட்டு" என்றான். ஏணி காட்டினான். கொப்புளம் காய்த்துப் போன உள்ளங்கைகள்.

"நல்ல கைதான். யார் என்ன சொன்னாலும் நம்பாதே."

ஏணி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோச்சே சொல்றாரே அண்ணா" என்றான்.

மகன் கொஞ்ச நேரம் அவனோடு உட்கார்ந்திருந்தான். மாற்று ஆள் உட்கார்ந்து படகு கிளம்பியதும் எழுந்து போனான். வாத்தியார் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார். குழாய் வேலை முடிந்து கரைப் பாதையைத் திறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாத்தியார் கடைசிப் பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு நல்ல சட்டையோடு வீட்டுக்கு வந்தார். பையனின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போவதாகத் திட்டம். மாடி காலியாக இருந்தது. ஒரு மணி பஸ்ஸிலேயே போய்விட்டான்.

"ஆறு மணி பஸ்னுதானே சொன்னே?"

"ஆறு மணி பஸ்தான். அவன்தான் மாத்திக்கிட்டான்" என்றார் மனைவி. படுக்கை விரிப்பை உருவி மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிட்டேனே! எல்லார் முன்னாடியும், மைக்லயே சொன்னேனே! அவன் தப்பு இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் அவனுக்கு என்னதான் வேணும்? அவனுக்காக ஒரு நல்ல ஆளையே இறக்கியிருக்கேன்!"

அம்மாள் விரிப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி அவரையே பார்த்தார். விளக்கிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. முப்பது வருஷப் பழக்கம் குறுக்கே வந்திருக்க வேண்டும். "போகும்போது சாப்பிட்டுட்டுத்தான் போனான்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நம் படகு நான்காவதாக வந்தது. மூன்றாவது படகு கரை ஏறி, ஆட்கள் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இது வந்து சேர்ந்தது. மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தவன் நாலு வருஷமாக இரட்டைப்படைப் பக்கம் வலித்துப் பழகியவன். மிச்ச மூன்று ஒற்றைப்படைக்காரர்களும், அடுத்து யாரோ என்ற பயத்தில் கையைத் தொடைக்கு இறக்கிவிட்டார்கள். படகு இந்தத் தடவை ஒற்றைப்படைப் பக்கம் சாய்ந்தது. சுண்டெலி தொண்டை கிழிய எண்ணினாள். விளையாட்டுத் துறைத் தலைவர் படகு முடிவுக் கோட்டைத் தொடும் முன்னாலேயே எழுந்து போய்விட்டார். வாத்தியார் மட்டும் கடைசிவரை மைக்கோடு கரையில் நின்றார். திட்டுவதற்கு எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று அன்றைக்கு அவருக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மனைவி கடையிலிருந்து நேரம் கழித்து வந்தார். தட்டை எடுத்து வைத்தார். இரண்டே தட்டு. வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த வருஷத்துக்கு ஒற்றைப்படைக்குப் புது ஆட்கள் எடுப்பது பற்றிப் பேசினார். இரண்டு நாளாக வேறு பேச்சு இல்லை.

"அந்த ஏணியோட அம்மா கடைக்கு வந்திருந்தாங்க" என்றார் மனைவி.

வாத்தியாரின் கை தட்டில் நின்றது. "என்ன வாங்கினாங்க?"

"தூங்கறதுக்கு மாத்திரை இருக்கான்னு கேட்டாங்க. டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டோம்னேன். அவங்களுக்கு இல்லையாம், பையனுக்காம். வெள்ளிக்கிழமையிலிருந்து ரூமை விட்டு வெளியே வரலையாம். பேச்சு இல்லையாம். கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கானாம்."

"வயசுப் பசங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அதைத்தான் கேட்டாங்க. இதெல்லாம் சரியாக எத்தனை நாள் ஆகும், நீங்க நாலு பேரைப் பார்க்கறவங்களாச்சேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வீட்டுல மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ஆகலைன்னேன்."

வாத்தியார் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதியில் கிளாஸை வைத்தார்.

"நீ யாருன்னு சொன்னியா?"

"சொல்லல."

இந்த இடத்தில் அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல முடிந்தால் நமக்கும் ஆசைதான். ஆனால் சத்தமாகவே கேட்டது. "சொல்லல" என்றதும் வாத்தியார் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.